புற்றுநோய் சிகிச்சைக்குப் பிந்தைய உடற்பயிற்சி

புற்றுநோய் சிகிச்சைக்குப் பிந்தைய உடற்பயிற்சி என்பது, அறுவைச் சிகிச்சை, கீமோதெரபி எனப்படும் வேதிச்சிகிச்சை, கதிர்வீச்சு, இயக்குநீர் மருந்துகள் ஆகியவற்றால் உடலில் தங்கிவிடும் வலியையும் இறுக்கத்தையும் சோர்வையும் குறைத்து, இழந்த தசை வலுவை மீட்பதற்காகத் திட்டமிட்டுச் செய்யப்படும் பயிற்சி ஆகும். நடைப்பயிற்சி, மூட்டு அசைவுப் பயிற்சிகள், தசையை இழுத்து நீட்டும் பயிற்சிகள், எடை தூக்கும் பயிற்சிகள், சமநிலைப் பயிற்சிகள் ஆகியவை இதில் அடங்கும். எந்தப் புற்றுநோய், உடலின் எந்தப் பகுதியில் என்ன சிகிச்சை நடந்தது என்பதைப் பொறுத்து பயிற்சியும் மாறுகிறது. மார்பகத்தில் அறுவை செய்துகொண்டவருக்குத் தோள்பட்டையே முதல் கவலை. வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவருக்கோ வாயைத் திறப்பதே பெரும்பாடு.

இந்தியாவில் பெண்களிடம் அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். எனவே இக்கட்டுரை இவ்விரண்டையும் சற்று விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் விளக்குகிறது.

ஓய்வு என்ற அறிவுரை

புற்றுநோயாளி எந்த வேலையும் செய்யாமல் படுத்திருக்க வேண்டும் என்பதே நெடுங்காலம் மருத்துவர்களும் உறவினர்களும் சொல்லிவந்த அறிவுரை. 'உடம்பு அலுங்காமல் இரு' என்பது அன்பால் சொல்லப்படும் சொல்தான். ஆனால் படுக்கை உடலுக்கு என்ன செய்யும் என்பதை 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. நலமாக இருந்த 20 வயது இளைஞர்கள் ஐந்து பேர் மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருந்தனர். அவர்களது உடல் ஆக்சிசனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துபோனது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐந்து பேரை மீண்டும் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை அவர்களது திறனைக் குறைத்திருந்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது தெரியவந்தது. நோயில்லாத இளைஞர்களுக்கே இந்த நிலை என்றால், ஆறு மாதம் கீமோதெரபி பெற்ற ஐம்பது வயதுக்காரரின் தசைகளுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1980களில் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செவிலிய ஆய்வாளர்கள் மேரில் வின்னிங்ஹாம், மேரி மக்விகார் ஆகியோர், கீமோதெரபி பெற்றுக்கொண்டிருந்த மார்பகப் புற்றுநோயாளிகளை நிலைமிதிவண்டியில் பயிற்சி செய்யவைத்து, அவர்களது உடல்திறன் கூடுவதைக் காட்டினர். இத்துறையின் தொடக்க ஆய்வுகளில் இது குறிப்பிடத்தக்கது. 2010இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, புற்றுநோயாளிகள் செயலற்றிருப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று வழிகாட்டியது. 2019இல் வெளியான அதன் திருத்திய வழிகாட்டி, எந்தத் தொல்லைக்கு எவ்வளவு பயிற்சி என்று அளவைக் குறிப்பிடும் அளவுக்கு முன்னேறியிருந்தது.

வலி எங்கிருந்து வருகிறது

சிகிச்சை முடிந்த பின்னும் வலி இருந்தால், நோய் திரும்பிவிட்டதோ என்ற அச்சமே முதலில் எழுகிறது. அந்த அச்சத்தைப் புறக்கணிக்கக் கூடாது; புதிதாக வந்த, நாளுக்கு நாள் கூடும் வலியை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். ஆனாலும் பெரும்பாலான வலிகளுக்குச் சிகிச்சையே காரணமாக இருக்கிறது.

அறுவையில் வெட்டுப்பட்ட தோலும் தசையும் தழும்பாகக் காய்ந்து சுருங்குகின்றன. நிணநீர்க்கணுக்களை எடுக்கும்போது அருகிலுள்ள நரம்புகள் இழுபடுகின்றன அல்லது அறுபடுகின்றன. அதனால் மேல்கையின் உட்புறம் மரத்துப் போவதும் எரிவதும் உண்டு. கதிர்வீச்சு பட்ட இடத்தில் திசுக்கள் நாராகிக் கெட்டிப்படுகின்றன. இது சிகிச்சை முடிந்த அன்றே நின்றுவிடுவதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. இவற்றோடு, வலிக்கிறதே என்று அந்தப் பக்கத்தை அசைக்காமல் வைத்திருப்பதால் வரும் இறுக்கமும் சேர்கிறது. வலியால் அசைவு குறைந்து, அசைவு குறைந்ததால் மூட்டு இறுகி, இறுகிய மூட்டு மேலும் வலிக்கிறது. இந்தச் சுழற்சியை அசைவின் பக்கத்திலிருந்து உடைப்பதே உடற்பயிற்சியின் வேலை.

மார்பக அறுவைக்குப் பின் தோள்பட்டை

மார்பகத்தை அகற்றி அக்குளில் உள்ள கணுக்களையும் எடுத்த பிறகு, பெரும்பாலான பெண்கள் கையை உடலோடு ஒட்டி வைத்து, தோளை முன்னுக்குக் குறுக்கிக்கொள்கிறார்கள். தையல் பிரிந்துவிடுமோ என்ற பயம் ஒரு காரணம். மார்பு தட்டையாகத் தெரிவதை மறைக்கும் எண்ணம் இன்னொன்று. சில வாரங்களில் முன்மார்புத் தசைகள் குறுகி, கை தலைக்கு மேல் எழ மறுக்கிறது. தலை சீவ, பின்கொக்கி போட, பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க, பரணிலிருந்து பாத்திரம் எடுக்க முடியாமல் போகிறது.

இதில் அதிகம் பேசப்படாத சிக்கல் ஒன்று உண்டு. மார்பகத்துக்குக் கதிர்வீச்சு தரும்போது நோயாளி கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, அதே நிலையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். தோள் இறுகியிருந்தால் அந்த நிலைக்கே வர முடியாது. கதிர்வீச்சைத் தொடங்குவது தள்ளிப்போகலாம். ஆகவே அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் இடைப்பட்ட வாரங்களில் செய்யும் தோள் பயிற்சி, வலிக்கான மருந்தாக மட்டுமன்றி அடுத்த சிகிச்சைக்கான ஆயத்தமாகவும் அமைகிறது.

அறுவை முடிந்த முதல் நாட்களில், நீர் வடியும் குழாய் பொருத்தியிருக்கும்போது, விரல்களை மடக்கி விரிப்பதும் முழங்கையை மடக்கி நீட்டுவதும் தோள்களை மெல்லச் சுழற்றுவதும் போதும். கையைத் தோள் உயரத்துக்கு மேல் உயர்த்துவதை இந்தக் காலத்தில் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கிறார்கள். மிக முன்கூட்டியே முழு அசைவைத் தொடங்கினால் காயத்திலிருந்து நீர் வடிவது கூடுகிறது. குழாய் எடுக்கப்பட்டு, அறுவை மருத்துவர் அனுமதித்த பிறகு அடுத்த கட்டம் வருகிறது.

அந்தக் கட்டத்தின் பயிற்சிகளுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சிலந்தி ஏறுவதுபோல மேலே நகர்த்த வேண்டும். இழுவிசை தெரியும் இடத்தில் நிறுத்தி, ஐந்தாறு மூச்சுக்குப் பிறகு அதே வழியில் இறக்க வேண்டும். எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுவைத்தால் வாரம் ஒருமுறை முன்னேற்றம் கண்ணில் தெரியும். மல்லாந்து படுத்து, ஒரு கம்பையோ குடையையோ இரு கைகளாலும் பிடித்துத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது இன்னொன்று. நலமான கை மற்றக் கையைத் தூக்கிச் செல்வதால் இது எளிது. இரு தோள்பட்டை எலும்புகளையும் முதுகின் நடுவில் நெருக்கிப் பிடித்து விடுவது, குறுகிய முன்மார்பைத் திறக்கிறது. இழுவிசை தெரிய வேண்டும். பல்லைக் கடிக்கும் வலி தெரியக் கூடாது. பயிற்சிக்குப் பின் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் வலி, அளவு மீறியதற்கான அடையாளம்.

சிலருக்கு அறுவைக்குச் சில வாரங்கள் கழித்து, கையை உயர்த்தும்போது அக்குளிலிருந்து முழங்கை வரை, சிலசமயம் மணிக்கட்டு வரை, தோலுக்கடியில் இறுக்கிக் கட்டிய நூல்போல ஒன்று புடைத்துத் தெரியும். பார்த்தவுடன் பயம் தரும் இது, நிணநீர் நாளங்கள் இறுகியதால் வருவது, புற்றுநோய் அல்ல. மென்மையான நீட்டல் பயிற்சிகளால் பெரும்பாலும் சில மாதங்களில் மறைந்துவிடுகிறது.

பிரித்தானியாவில் 'பிராஸ்பர்' என்ற பெயரில் நடந்த ஆய்வு, தோள் பாதிப்புக்கான வாய்ப்பு அதிகமுள்ள 392 பெண்களை எடுத்துக்கொண்டது. ஒரு பாதியினருக்கு வழக்கமான துண்டுப்பிரசுரம் மட்டும் தரப்பட்டது. மறுபாதியினருக்கு, அறுவை முடிந்த 7 முதல் 10 நாட்களில் தொடங்கி, இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) வழிநடத்திய பயிற்சியும் கிடைத்தது. ஓராண்டுக்குப் பின் பயிற்சி பெற்றோரின் கை செயல்பாடு மேம்பட்டிருந்தது, வலியும் குறைவாக இருந்தது; கைவீக்கம் கூடவில்லை. 2021இல் வெளியான இந்த முடிவு, துண்டுப்பிரசுரத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது போதாது என்பதற்கு நல்ல சான்று.

கைவீக்கமும் எடை தூக்குதலும்

அக்குளில் உள்ள நிணநீர்க்கணுக்கள் எடுக்கப்படும்போதோ அவற்றின்மேல் கதிர்வீச்சு படும்போதோ, கையிலிருந்து நிணநீர் வடியும் வழி அடைபடுகிறது. தேங்கும் நீரால் கை கனத்து வீங்குவதே நிணநீர் வீக்கம். தமிழ்நாட்டில் பலர் பார்த்திருக்கும் யானைக்கால் நோயும் நிணநீர் நாளங்கள் பழுதடைவதால் வருவதுதான். அங்கே காரணம் ஒட்டுண்ணிப் புழு, இங்கே காரணம் சிகிச்சை. இந்த வீக்கம் சிகிச்சை முடிந்த சில மாதங்களிலும் வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

இதனால்தான் 'அந்தக் கையால் கனமான எதையும் தூக்கவே கூடாது' என்ற தடை பிறந்தது. தண்ணீர்க் குடம், காய்கறிப் பை, அழும் குழந்தை எல்லாம் தடைப்பட்டியலில் சேர்ந்தன. வேலை செய்தால் கைக்கு இரத்த ஓட்டம் கூடும், நீரும் கூடும், வடிகால் அடைபட்ட கை வீங்கும் என்பது இதன் பின்னிருந்த தர்க்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் குறை.

1996இல் கனடாவின் வான்கூவரில், பிரித்தானிய கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் டான் மக்கென்சி இதைச் சோதித்தார். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்களைச் சேர்த்து, சீன மரபில் வந்த டிராகன் படகுப் போட்டிக்குப் பயிற்சி கொடுத்தார். துடுப்பு போடுவது மேலுடல் முழுவதையும் திரும்பத் திரும்பக் கடினமாக உழைக்கவைக்கும் வேலை. பழைய தர்க்கம் சரியென்றால் அத்தனை பேருக்கும் கை வீங்கியிருக்க வேண்டும். யாருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. முன்பே இருந்தவர்களுக்கும் கூடவில்லை. அவர் 1998இல் இதைக் கனடிய மருத்துவக் கழக இதழில் எழுதினார். அந்த ஒரு படகிலிருந்து கிளைத்த குழுக்கள் இன்று பல நாடுகளில் உள்ளன.

24 பேர் கொண்ட ஒரு படகு வலுவான சான்று ஆகாது என்பது உண்மைதான். வலுவான சான்று 2009இல் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் ஷ்மிட்சும் அவரது குழுவினரும், ஏற்கனவே கைவீக்கம் இருந்த 141 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு ஓராண்டு வாரம் இருமுறை எடை தூக்கியது; மற்றது வழக்கம்போல இருந்தது. வீக்கம் திடீரென மோசமடைந்தவர்கள் எடை தூக்கிய குழுவில் 14%, தூக்காத குழுவில் 29%. அதாவது தடை செய்யப்பட்டிருந்த செயலே தொல்லையைப் பாதியாகக் குறைத்தது. வலுவான கைக்கு அன்றாட வேலைகள் பாரமாக இருப்பதில்லை என்பது இதற்குத் தரப்படும் ஒரு விளக்கம். தசை சுருங்கி விரியும்போது நிணநீரை மேலே தள்ளும் பம்புபோல இயங்குவது இன்னொரு விளக்கம்.

இந்த முடிவைப் படித்துவிட்டு மறுநாளே முழுக் குடத்தைத் தூக்கிவிடக் கூடாது. அந்த ஆய்வில் முதல் 13 வாரங்கள் பயிற்றுநரின் மேற்பார்வை இருந்தது. மிகக் குறைந்த எடையில் தொடங்கினர். கையில் எந்த மாற்றமும் இல்லாவிட்டால் மட்டுமே, இயன்ற மிகச்சிறிய அளவில் எடையைக் கூட்டினர். வீக்கம் உள்ளவர்கள் பயிற்சியின்போது அழுத்த உறை அணிந்திருந்தனர். இடையில் சில வாரங்கள் விட்டுப்போனால், விட்ட எடையிலிருந்து தொடராமல் பின்னுக்கு வந்து மீண்டும் தொடங்கினர். அதேசமயம், எவ்வளவு வரை தூக்கலாம் என்பதற்கு மேல் எல்லை எதுவும் வைக்கவில்லை. வீட்டில் இதற்கு அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் நல்ல தொடக்கம்; அது ஏறக்குறைய அரை கிலோ இருக்கும். அழுத்த உறையைச் சித்திரை வெயிலில் அணிவது கொடுமை என்பதால், விடியற்காலையில் பயிற்சியை முடித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கைவீக்கத்தை உண்மையில் கூட்டுபவை எவை என்பதையும் அறிந்திருப்பது நல்லது. அக்குள் கணுக்களை முழுமையாக எடுப்பது, அப்பகுதிக்குக் கதிர்வீச்சு, மிகை உடல் எடை, கையில் ஏற்படும் தோல் தொற்று ஆகியவை முக்கியமானவை. 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்ப்பதோ ஊசி போடுவதோ விமானப் பயணமோ வீக்கத்தோடு தொடர்புடையதாகக் காணவில்லை. அரிவாள்மனைக் கீறலையும் எண்ணெய்ச் சூட்டையும் அலட்சியப்படுத்துவதே அதிக ஆபத்து. கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அது அடங்கும்வரை பயிற்சி கூடாது.

கழுத்தும் வாயும்

வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்குக் கழுத்திலுள்ள கணுக்களை எடுக்கும்போது, தோளைத் தூக்கும் தசைக்குச் செல்லும் துணை நரம்பு இழுபடவோ வெட்டுப்படவோ நேர்கிறது. அதனால் ஒரு பக்கத் தோள் சரிந்து, கையைப் பக்கவாட்டில் உயர்த்த முடியாமல், கழுத்தும் தோளும் ஓயாமல் வலிக்கின்றன. நரம்பு முற்றிலும் வெட்டுப்படாவிட்டால் மாதங்கள் செல்லச் செல்லத் திறன் ஓரளவு திரும்பும். அதுவரை மூட்டு இறுகிவிடாமல் காப்பதும் அருகிலுள்ள மற்றத் தசைகளை வலுவாக்குவதும் பயிற்சியின் நோக்கம். கனடாவின் அல்பர்ட்டாவில் மார்கரெட் மெக்னீலி தலைமையில் 52 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், படிப்படியாக எடையைக் கூட்டும் 12 வாரப் பயிற்சி, வழக்கமான இயன்முறை சிகிச்சையைவிடத் தோள் வலியை அதிகமாகக் குறைத்தது.

வாய் திறக்க முடியாமை தனித் துயரம். மெல்லும் தசைகள்மீது கதிர்வீச்சு படும்போது அவை நாராகிச் சுருங்குகின்றன. மேல், கீழ் முன்பற்களுக்கிடையே 35 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாகவே வாய் திறந்தால் அதைத் தாடை இறுக்கம் என்று கணக்கிடுகிறார்கள். அளவுகோல் இல்லாவிட்டாலும் தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: பல ஆண்டுகள் பாக்கும் குட்காவும் மென்றவர்களுக்குச் சிகிச்சை தொடங்கும் முன்பே கன்னத்தின் உட்புறம் நாராகி, வாய் குறுகியிருக்கும். அவர்களுக்குக் கதிர்வீச்சு இருக்கிற கொஞ்சத்தையும் பறித்துவிடும். வாய் திறக்காவிட்டால் சோற்று உருண்டை உள்ளே போகாது, பல் துலக்க முடியாது, சொத்தைப் பல்லுக்கு மருத்துவம் பார்க்க முடியாது, நோய் திரும்புகிறதா என்று மருத்துவர் உள்ளே பார்ப்பதும் கடினம்.

இதற்கு விலை கூடிய தாடை விரிப்புக் கருவிகள் உள்ளன. ஆனால் மருத்துவமனைகளில் பரவலாகச் சொல்லித்தரப்படுவது ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கும் முறை. தட்டையான மரக் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கடைவாய்ப் பற்களுக்கிடையே வைத்து, இழுவிசை தெரியும் அளவில் அரை நிமிடம் நிறுத்த வேண்டும். இதை நாளுக்குப் பல தடவை செய்ய வேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை அடுக்கின் நடுவே இன்னொரு குச்சி சேரும். எத்தனை குச்சி என்ற எண்ணிக்கையே முன்னேற்றக் கணக்கு. ஆடும் பற்கள் உள்ளவர்கள் பல் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. இறுகிப்போன தாடையைத் திறப்பதைவிட இறுகாமல் காப்பது எவ்வளவோ எளிது என்பதால், கதிர்வீச்சு நடக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது. விழுங்கும் தசைகளுக்கும் இதே விதி பொருந்தும்: வலித்தாலும் இயன்றவரை வாய்வழியே சிறிது விழுங்கிக்கொண்டிருப்பவர்களுக்குப் பின்னாளில் விழுங்கும் திறன் நன்றாக இருக்கிறது.

மூட்டு வலியும் மரத்துப் போதலும்

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தரப்படும் அனஸ்ட்ரசோல், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் கைவிரல், முழங்கால் மூட்டுகளில் கடும் வலியைத் தரக்கூடும். காலையில் எழும்போது உடம்பே துருப்பிடித்ததுபோல இருக்கும். ஐந்து ஆண்டுகள் சாப்பிட வேண்டிய மாத்திரையை இந்த வலி தாங்காமல் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதால் இங்கே வலி நேரடியாக உயிரோடு தொடர்புடையது. 2015இல் வெளியான 'ஹோப்' ஆய்வில் இத்தகைய 121 பெண்கள் பங்கேற்றனர். வாரம் இருமுறை எடைப் பயிற்சியும் 150 நிமிட நடை போன்ற மிதமான பயிற்சியும் ஓராண்டு செய்தவர்களுக்கு மிகக் கடுமையான மூட்டு வலியின் அளவு 29% குறைந்தது. செய்யாதவர்களுக்கு 3% கூடியது. வலிக்கும் மூட்டை அசைக்கச் சொல்வது முரணாகத் தோன்றினாலும், மாத்திரையை விடாமல் தொடர இது ஒரு வழி.

பாக்ளிடாக்சல், ஆக்சலிபிளாட்டின் போன்ற மருந்துகள் பாதத்திலும் விரல்நுனியிலும் உள்ள நரம்புகளைத் தாக்குகின்றன. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பவர்கள் உண்டு. இவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியே முதன்மை: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலும் முன்பாதமும் ஒட்டும்படி நேர்கோட்டில் நடப்பது போன்றவை. ஓடும் பட்டையில் நடப்பதைவிட நிலைமிதிவண்டி பாதுகாப்பானது. வெறுங்காலோடு மொட்டை மாடியில் நடக்க வேண்டாம். சூடும் தெரியாது, கல் குத்துவதும் தெரியாது.

சோர்வு

புற்றுநோய்ச் சோர்வு வேலை செய்து களைத்த சோர்வு அல்ல. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அது போவதில்லை. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, தூக்கமின்மை ஆகியவை காரணமா என்று முதலில் பார்க்க வேண்டும். அவற்றுக்குத் தனி மருத்துவம் உண்டு. அவை இல்லாத நிலையில், இச்சோர்வைக் குறைப்பதில் உடற்பயிற்சி அளவுக்குச் சான்று பெற்ற வழிகள் மிகக் குறைவு.

நடைமுறையில் இதற்குத் தடையாவது சோம்பல் அல்ல. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் விட்ட வேலைகளை எல்லாம் ஒரேயடியாகச் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாட்கள் எழ முடியாமல் கிடப்பதுதான். நல்ல நாளிலும் அளவோடு நிறுத்துவது, மோசமான நாளில் ஐந்து நிமிடமாவது நடப்பது என்ற ஒழுங்கு வேண்டும். கீமோதெரபி பெறுவோருக்கு மருந்து ஏற்றிய முதல் சில நாட்கள் மோசமாக இருக்கும். அந்த நாட்களில் பயிற்சியைக் குறைத்து, பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

எவ்வளவு, எப்படி

2019 வழிகாட்டியின்படி, சோர்வு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றைக் குறைக்கவும் உடல் செயல்பாட்டை மேம்படுத்தவும், வாரம் மூன்று முறை 30 நிமிட மிதமான நடை போன்ற பயிற்சியைக் குறைந்தது 12 வாரங்கள் செய்ய வேண்டும். உடல் செயல்பாட்டுக்கு வாரம் இருமுறை தசைப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒவ்வோர் அசைவும் 8 முதல் 15 தடவை, இரண்டு சுற்று. மிதமான வேகம் என்பதை அறிய எளிய வழி: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

30 நிமிடம் என்பது சென்றடைய வேண்டிய இடம், தொடங்கும் இடம் அல்ல. அதைப் பத்துப் பத்து நிமிடமாக மூன்றாகப் பிரித்துச் செய்தாலும் கணக்கில் சேரும். கால் தசைக்கு மிகச் சிறந்த வீட்டுப் பயிற்சி, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. 30 நொடிகளில் எத்தனை முறை எழ முடிகிறது என்று மாதம் ஒருமுறை எண்ணிக் குறித்துவைத்தால், மாறுதல் தெரியாமல் போகாது. தசை வளர உணவில் புரதமும் வேண்டும். கஞ்சியும் ரசமும் மட்டும் உண்டு எடை தூக்கிப் பயனில்லை. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் எது ஒத்துக்கொள்கிறதோ அது இருக்க வேண்டும்.

புரஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் இயக்குநீரைக் குறைக்கும் மருந்து பெறுவோர் தசையையும் எலும்பு வலுவையும் இழக்கிறார்கள். அவர்களுக்கு எடைப் பயிற்சி நடையைவிட முக்கியம். வயிற்றில் மலத்துளை அமைக்கப்பட்டவர்களுக்குக் குடலிறக்கம் வரும் வாய்ப்பு இருப்பதால், மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கக் கூடாது.

எச்சரிக்கைகள்

புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால், முதுகை முறுக்குவதும் குனிந்து பாரம் தூக்குவதும் எலும்பு முறிவில் முடியலாம். இவர்களுக்கும் பயிற்சி உண்டு. ஆனால் எந்த எலும்பு என்று அறிந்த மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்தே அதை வகுக்க வேண்டும். டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்றவை இதயத்தைப் பாதிக்கக்கூடியவை. அவற்றைப் பெற்றவர்களுக்கு மூச்சு வாங்குதல், கால் வீக்கம், மார்பு இறுக்கம் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு இதயத்தைச் சோதிக்க வேண்டும். காய்ச்சல் இருக்கும்போதும், இரத்தத் தட்டுக்கள் மிகக் குறைந்திருக்கும்போதும், தலை சுற்றும்போதும் பயிற்சி கூடாது. ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் வந்தால் அது இரத்தக்கட்டாக இருக்கலாம். தேய்த்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆயுளைப் பற்றிய சான்று

உடற்பயிற்சி செய்பவர்களிடம் புற்றுநோய் திரும்புவது குறைவு என்று பல கண்காணிப்பு ஆய்வுகள் முன்பே கூறியிருந்தாலும், நோய் குறைவாக இருப்பவர்களால்தான் பயிற்சி செய்ய முடிகிறது என்ற மறுப்பும் கூடவே இருந்தது. 2025இல் வெளியான 'சேலஞ்ச்' ஆய்வு இதற்கு விடை தந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு நலவாழ்வுக் கையேடு மட்டும். மறுபகுதியினருக்குப் பயிற்றுநரோடு மூன்று ஆண்டுத் திட்டம். எட்டு ஆண்டுகளின் முடிவில் உயிரோடிருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 90.3%, கையேட்டுக் குழுவில் 83.2%. தசை, மூட்டுத் தொல்லைகள் பயிற்சிக் குழுவில் சற்று அதிகம் (18.5%, மற்றதில் 11.5%).

இந்த முடிவை எல்லாப் புற்றுநோய்களுக்கும் அப்படியே நீட்டிவிட முடியாது. மேலும் இங்கே குறிப்பிட்ட ஆய்வுகளெல்லாம் மேலை நாடுகளில், பயிற்றுநரும் பயிற்சிக்கூடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்களிடம் நடந்தவை. சென்னைக்கோ மதுரைக்கோ வந்து சிகிச்சை முடித்து ஊர் திரும்பும் ஒருவருக்கு அந்த வசதி இல்லை. அத்தகையவர்கள், வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டோடு சேர்த்து மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை கேட்டு வாங்கிக்கொள்வது பயன்படும்: எந்த அசைவைச் செய்யலாம், எதை எத்தனை வாரம் தவிர்க்க வேண்டும், எந்த அறிகுறி வந்தால் யாரை அழைக்க வேண்டும்.